உழாத நிலத்துக்குக் குத்தகை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துத் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது பாக்கா கவுண்டி. பரப்பளவில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கே வசித்தவர்கள் சுமார் 3,500 பேர்தான். கோதுமை, சோளம், மாடு. பிழைப்பு இவ்வளவே. அந்த ஊர் விவசாயிகள் பலருக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் மத்திய அரசிடமிருந்து ஒரு தொகை வந்து சேருகிறது. விளைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பயிர் கருகியதற்கான நிவாரணமும் இல்லை. குறிப்பிட்ட வயலை உழாமல், பயிர் வைக்காமல், புல் நிற்கவிட்டிருப்பதற்காக அரசு கொடுக்கும் குத்தகை அது.

திட்டத்தின் பெயரைத் தமிழில் ‘நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம்’ எனலாம். விவசாயிகள் சுருக்கமாக சி.ஆர்.பி. என்கிறார்கள். 1985 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்தது. எளிதில் அரிக்கும் நிலத்தை விவசாயி 10 முதல் 15 ஆண்டுகளுக்குச் சாகுபடியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். புல் விதைக்க ஆகும் செலவில் பாதி வரை அரசு ஏற்கும். பிறகு ஆண்டுதோறும் ஏக்கர் கணக்கில் வாடகை. ஒரு நபர் வருடத்துக்கு 50,000 டாலருக்கு மேல் வாடகை வாங்க முடியாது. நாடு முழுக்க அண்மை ஆண்டுகளில் இப்படி ஒதுங்கிக் கிடக்கும் நிலம் இரண்டரைக் கோடி ஏக்கர் அளவில் இருக்கிறது. வாடகைச் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி டாலர். 2007இல் திட்டம் உச்சத்தைத் தொட்டபோது 3 கோடியே 68 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 3 கோடியே 21 லட்சம் ஏக்கர்தான்.

வேலை செய்யாமல் இருப்பவனுக்கு எதற்குக் கூலி என்று அமெரிக்க நகரவாசிகளே கேட்பதுண்டு. பாக்காவின் நூறாண்டுக் கதையைத் தெரிந்துகொண்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: குத்தகை முடிந்த மறுநாள் அந்தப் புல்லுக்கு என்ன கதி?

புழுதி வந்த வழி

பாக்காவில் ஆண்டு மழை ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரியில் பாதிகூட இல்லை. பெய்கிற மழையும் சீராகப் பெய்யாது. நான்கைந்து வருடம் கொட்டும், அடுத்த நான்கைந்து வருடம் ஏமாற்றும். காற்று மட்டும் ஒருபோதும் ஏமாற்றியதில்லை. அந்த மண்ணைப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தவை குட்டையான மேய்ச்சல் புற்கள். முழங்காலுக்குக்கூட வளராத புல்லின் வேர் பல அடி ஆழம் இறங்கியிருக்கும்.

முதல் உலகப்போர் கோதுமை விலையை உயர்த்தியது. போர் முடிந்து விலை சரிந்தபோது, விட்டதைப் பிடிக்க இன்னும் அதிகமாக உழுதார்கள். டிராக்டர் வந்துவிட்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்து, உழுது விதைத்துவிட்டுப் போய், அறுவடைக்கு மட்டும் தலைகாட்டும் ஆட்களும் இருந்தார்கள். மழை கைகொடுத்த வருடங்கள் அவை. 1930இல் பாக்காவின் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. 1931இல் கோதுமை அமோகமாக விளைந்தது, விலை பாதாளத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு மழை நின்றது.

புல் வேர் இல்லை, பயிரும் இல்லை. வெறும் மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. பாக்கா, அதை ஒட்டிய ஒக்லஹோமா, கான்சாஸ், டெக்சாஸ் பகுதிகளின் மேல் கரிய சுவர் போன்ற புழுதிப் புயல் ஒன்று கடந்து போனது. பட்டப்பகலில் தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. நுரையீரலில் புழுதி அடைந்து செத்தவர்கள் உண்டு. பசு மாடுகளும் அப்படியே செத்தன. 1940 கணக்கெடுப்பின்போது பாக்காவில் மிஞ்சியவர்கள் சுமார் 6,200 பேர். பத்தே ஆண்டில் ஐந்தில் இரண்டு பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள்.

ஹியூ ஹாமண்ட் பென்னட் என்ற மண்ணியல் அறிஞர் மண்ணரிப்பைப் பற்றி வாஷிங்டனில் பல வருடங்களாகக் கத்திக்கொண்டிருந்தார். கேட்பாரில்லை. 1935இன் அந்த வசந்தத்தில் செனட் குழுவின் முன் அவர் சாட்சி சொன்ன நாட்களில், சமவெளியின் புழுதி இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடந்து தலைநகரின் வானத்தையே மங்கலாக்கியது. ஏப்ரல் 27 அன்று மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. மண்ணைக் காப்பதற்காக விவசாயிக்கு அரசு பணம் கொடுக்கும் வழக்கம் 1936இல் தொடங்கியது.

அதே காலத்தில் அரசு இன்னொன்றும் செய்தது. நொடித்துப் போனவர்களிடமிருந்து உழுது பாழான நிலங்களை விலைக்கு வாங்கி, புல் விதைத்தது. பாக்காவிலும் பக்கத்துப் பகுதிகளிலும் அப்படி வாங்கிய நிலங்கள்தான் 1960இல் ‘கொமான்சி தேசியப் புல்வெளி’ என்று பெயர் பெற்றன. நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல். அந்த ஊர் மாட்டுக்காரர்கள் கட்டணம் செலுத்தி இன்றும் அங்கே மேய்க்கிறார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது புல்வெளியாகவே இருக்கிறது. குத்தகைக்குப் பிடித்த நிலங்களுக்கு என்ன ஆனது என்பதைப் பார்க்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலி வரை உழு

1956இல் ஐசனாவர் ஆட்சி ‘மண் வங்கி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. உபரி கோதுமை கிடங்குகளில் குவிந்து கிடந்த காலம் அது. உற்பத்தியையும் குறைக்க வேண்டும், மண்ணையும் காக்க வேண்டும். 1960இல் 2 கோடியே 80 லட்சம் ஏக்கருக்கு மேல் அதில் சேர்ந்திருந்தது. பத்தாண்டு ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிய, 1970களின் தொடக்கத்தில் திட்டம் காலாவதியானது.

சரியாக அந்த நேரம் பார்த்து 1972இல் சோவியத் யூனியன் அமெரிக்கக் கோதுமையை மொத்தமாக வாங்கியது. விலை எகிறியது. அப்போதைய வேளாண் அமைச்சர் ஏர்ல் பட்ஸ் விவசாயிகளிடம் வேலி ஓரம் வரை விதைக்கச் சொன்னார். மண் வங்கிக் காசில் வளர்ந்த புல்லும் உழவில் போனது. வரி கட்டியவர்கள் பணத்தில் வளர்த்ததை, ஒரே பருவத்தில், அதே அரசின் அமைச்சர் தூண்டுதலில் அழித்தார்கள்.

நிலத்தை வாங்கவும் பெரிய டிராக்டர் வாங்கவும் விவசாயிகள் கடன் வாங்கினார்கள். பிறகு விலை விழுந்தது, வட்டி ஏறியது. 1977இல் பாக்காவின் கேம்ப்போ என்ற சிற்றூரில் சில விவசாயிகள் கூடிப் பேசியதில் பிறந்த இயக்கம்தான் அமெரிக்க விவசாய இயக்கம். அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று விவசாயிகள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை என்பதே கோரிக்கை. 1979 பிப்ரவரியில் ஆயிரக்கணக்கான டிராக்டர்கள் வாஷிங்டனுக்குள் நுழைந்தன. நகரம் எரிச்சலடைந்தது. சில நாட்களில் பெரும் பனிப்பொழிவு நகரத்தை முடக்கியபோது, எந்த டிராக்டர்களை விரட்ட நினைத்தார்களோ அவைதான் தெருக்களில் பனியை அகற்றின.

கோரிக்கை நிறைவேறவில்லை. 1983 ஜனவரியில், பாக்காவின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில், கடன் கட்ட முடியாத விவசாயி ஒருவரின் நிலம் நீதிமன்றப் படிக்கட்டில் ஏலத்துக்கு வந்தது. தடுக்கத் திரண்ட விவசாயிகள் மேல் கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. ஊரே ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் நடந்த மோதல் அது.

அதே ஆண்டுகளில் கிழக்குக் கொலராடோவில் வெளி முதலீட்டாளர்கள் புல்வெளியை மலிவாக வாங்கி, உழுது, கோதுமை நிலமாக்கி அதிக விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரன் வீட்டு வாசலில் புழுதி வந்து குவிந்தது. கொலராடோவின் செனட்டர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங், புதிதாகப் புல்வெளியை உழுபவனுக்கு அரசு மானியம் எதுவும் கிடையாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அந்தக் கருத்தும், உழுது கெட்டுப்போன நிலத்தைக் குத்தகைக்குப் பிடிக்கும் சி.ஆர்.பி.யும் 1985 சட்டத்தில் சேர்ந்தே வந்தன. ஒன்று தடி, மற்றது காசு. ஜப்தி பயத்தில் இருந்த விவசாயிக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பத்து வருடம் தவறாமல் வரும் வாடகை உயிர் தந்தது. மானாவாரிக் கோதுமையில் அப்படி உறுதியான வருமானம் எங்கே? 1986 மார்ச்சில் முதல் பதிவு நடந்தது. 1990க்குள் நாடெங்கும் 3 கோடியே 39 லட்சம் ஏக்கர் சேர்ந்தது. கொலராடோவில் அதிக நிலம் ஒதுக்கிய கவுண்டிகளில் பாக்காவும் ஒன்றானது.

ஒரு ஏக்கர் புல்லின் கணக்கு

நிலத்தைச் சும்மா போட்டுவிட்டால் புல் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அந்த ஊர் வயலைப் பார்த்ததில்லை. சும்மா போட்டால் வருவது ரஷ்ய முள்செடி. காய்ந்ததும் தண்டு தரைமட்டத்தில் முறிந்து, காற்றில் உருண்டு உருண்டு விதையை இறைத்துக்கொண்டு போகும்.

முறையாகச் செய்வதென்றால் முதல் பருவத்தில் தீவனச் சோளம் விதைக்கிறார்கள். விதை முற்றுவதற்குள் உயரமாக வெட்டிவிட்டு, கட்டையை அப்படியே நிற்க விடுகிறார்கள். குளிர்காலக் காற்றில் மண் பறக்காமல் அந்தத் தட்டைக் கட்டைகள் தாங்கும். மறுபருவத்தில், உழாமலே, கட்டைகளுக்கு இடையில் புல் விதையை இறக்குகிறார்கள். சாதாரண விதைப்புக் கருவி இதற்கு உதவாது. புளூஸ்டெம் போன்ற புல்லின் விதை ரோமம் ரோமமாகப் பஞ்சு போல் இருக்கும். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குழாயில் இறங்காது. அதனால் பெட்டிக்குள் விதையைக் கிளறிக்கொண்டே இருக்கும் தனிக் கருவி வேண்டும். விதை அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் போகக் கூடாது. போனால் முளை மேலே வராது. பிறகு மழைக்குக் காத்திருக்க வேண்டும். முதல் வருடம் வயலைப் பார்த்தால் களை மட்டுமே தெரியும். களைகளுக்கு அடியில் நூல் போலப் புளூ கிராமா, சைடோட்ஸ் கிராமா, எருமைப்புல் தலைநீட்டியிருக்கிறதா என்று மண்டியிட்டுத்தான் பார்க்க வேண்டும். வயல் புல்வெளியாக மூன்று வருடம் ஆகும். வறட்சி வந்தால் மறுபடி விதைக்க வேண்டியிருக்கும்.

சேர்வதும் எளிதல்ல. விவசாயி ஊரில் உள்ள வேளாண் துறை அலுவலகத்துக்குப் போகிறார். விமானத்திலிருந்து எடுத்த படத்தில் அவர் வயலின் எல்லை வரைந்திருக்கிறது. அந்த வயலில் எந்த மண் எவ்வளவு என்று பார்த்து, அந்த மண்ணுக்கு அந்தக் கவுண்டியில் நிலவும் மானாவாரிக் குத்தகையை வைத்து உச்சவரம்பு நிர்ணயிக்கிறார்கள். அப்புறம் மதிப்பெண். பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் என்ன பயன், நீர் எவ்வளவு தூய்மையாகும், மண்ணரிப்பு எவ்வளவு குறையும், காற்றில் புழுதி எவ்வளவு குறையும் என்று தனித்தனியாக மதிப்பெண் உண்டு. பல வகைப் புல்லும் பூச்செடியும் கலந்து விதைத்தால் கூடுதல் மதிப்பெண். உச்சவரம்புக்குக் கீழே வாடகை கேட்டால் அதற்கும் மதிப்பெண். 1990களின் தொடக்கத்தில் வந்த இந்த முறை திட்டத்தையே மாற்றியது. அதற்கு முன் அதிக ஏக்கர் சேர்ப்பதே குறியாக இருந்தது; பிறகு எந்த ஏக்கர் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

பலன் கண்கூடு. அமெரிக்க விளைநிலங்களில் 1982இல் ஆண்டுக்கு 300 கோடி டன் அளவில் இருந்த மண்ணரிப்பு, 2007இல் 170 கோடி டன் அளவுக்குக் குறைந்தது. முழுப் பெருமையும் சி.ஆர்.பி.க்குச் சேராது. உழவைக் குறைத்துச் செய்யும் சாகுபடி பரவியதும், 1985 சட்டத்தின் நிபந்தனைகளும் சேர்ந்தே அதைச் சாதித்தன. ஆனாலும் மிக மோசமாக அரித்த நிலங்களைச் சாகுபடியிலிருந்து எடுத்தது இந்தக் குத்தகைதான்.

பறவை ஒன்றின் கதையும் உண்டு. சிறிய புல்வெளிக் கோழி. வசந்தகால விடியலில் சேவல்கள் புல் குட்டையான மேட்டில் கூடி, கழுத்தின் செந்நிறப் பைகளை உப்பவைத்து, காலால் தரையை மேளம் போல் தட்டி ஆடும். பெட்டை முட்டையிட வேண்டுமானால் பக்கத்திலேயே உயரமான புல் வேண்டும். பாக்கா உள்ளிட்ட கிழக்குக் கொலராடோ, மேற்குக் கான்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பறவை இல்லை. கான்சாஸில் தொடக்கத்திலிருந்தே மண்ணுக்குரிய பல புற்களைக் கலந்து விதைத்தார்கள். ஆர்க்கன்சா ஆற்றுக்கு வடக்கே, கோழி அற்றுப்போன இடங்களுக்கு அது திரும்பி வந்தது. டெக்சாஸில் பல இடங்களில் அயல்நாட்டுப் புல் ஒன்றையே விதைத்தார்கள். மண் நின்றது, கோழி வரவில்லை. அதே திட்டம், அதே காசு. விதைப் பையில் என்ன இருந்தது என்பதே வித்தியாசம். இந்தப் பறவையை ஆபத்திலுள்ள இனமாக அறிவித்த அரசின் முடிவுகள் 2014 முதல் நீதிமன்றங்களில் இழுபறியாக இருக்கின்றன. எண்ணெய்க் கிணறுக்காரர்களும் மாட்டுக்காரர்களும் ஒரு பக்கம், இயற்கை ஆர்வலர்கள் மறுபக்கம். கோழிக்கு இடம் கொடுத்திருப்பது என்னவோ குத்தகைப் புல்தான்.

ஊருக்கு ஆன செலவு

வாடகை வந்தது, ஊர் வாழ்ந்ததா? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

உழாத நிலத்துக்கு டீசல் வேண்டாம், உரம் வேண்டாம், விதை வேண்டாம். அறுவடை இயந்திரம் பழுதாகாது. பழுது பார்ப்பவனுக்கும் வேலையில்லை. தானியச் சேமிப்புக் கோபுரத்துக்கு வண்டி வராது. சட்டம் எழுதியவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் கால் பங்குக்கு மேல் இந்த ஒதுக்கீடுகளுக்குப் போகக் கூடாது என்பது விதி. சில விலக்குகள் உண்டு. அந்தக் கால் பங்கே சிற்றூர்களுக்குப் பெரிய அடி. நிலச் சொந்தக்காரர் ஓய்வு பெற்று நகரத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ குடிபோய்விட்டால் வாடகைப் பணமும் அவரோடு போய்விடுகிறது. பாக்காவின் மக்கள்தொகை சரிவு சி.ஆர்.பி.க்கு முன்பே தொடங்கியது. பெரிய டிராக்டரும் கடனும் பள்ளிக்கூடங்கள் மூடியதும் அதற்குக் காரணங்கள். ஆனால் இந்தத் திட்டம் அந்தச் சரிவை நிறுத்தவில்லை.

அதிகம் வருந்த வேண்டியது இளம் விவசாயிகளைப் பற்றித்தான். குத்தகைக்கு நிலம் தேடி வரும் 25 வயதுக்காரனுக்குப் போட்டியாக நிற்பது அரசாங்கம். வறட்சியிலும் தவறாமல் வாடகை தரும் குத்தகைதாரர் அது. எந்த நிலக்காரரும் அரசையே தேர்ந்தெடுப்பார். 2018 வேளாண் சட்டம், மதிப்பெண் அடிப்படையில் சேரும் ‘பொதுப் பதிவு’ நிலங்களின் வாடகையைக் கவுண்டிச் சராசரியில் 85 சதவீதமாகக் குறைத்ததற்கு இந்தப் புகாரும் ஒரு காரணம். 2008 சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: ஒப்பந்தம் முடிந்த நிலத்தைப் புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு விற்றாலோ குத்தகைக்கு விட்டாலோ, ஓய்வு பெறும் விவசாயிக்கு மேலும் இரண்டு வருட வாடகை. இதை இன்னும் பெரிதாகச் செய்திருக்க வேண்டும்.

விலை ஏறினால் புல் தோற்கும் என்பது இரண்டாம் முறையாகவும் நிரூபணமானது. 2007க்குப் பிறகு எரிபொருளில் எத்தனால் கலக்கச் சொன்ன சட்டமும் உலகச் சந்தையும் சேர்ந்து மக்காச்சோளம், கோதுமை விலையை உயர்த்தின. அமெரிக்க நாடாளுமன்றமும் செலவைக் குறைக்க, திட்டத்தின் நில உச்சவரம்பை 3 கோடியே 20 லட்சம் ஏக்கராகவும், 2014இல் 2 கோடியே 40 லட்சம் ஏக்கராகவும் வெட்டியது. ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் கூட்டம் கூட்டமாக உழவுக்குத் திரும்பின. 2021இல் மிஞ்சியது 2 கோடியே 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவு. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்தை இன்னொரு கையால் அரசே கட்டுகிறது. அரிக்கும் நிலத்தில் கோதுமை விதைத்து நஷ்டப்பட்டாலும் ஈடு கிடைக்கும் என்றால், புல்லைக் காக்க விவசாயிக்கு என்ன அவசரம்? ஒரு கை கொடுப்பதை மறு கை கெடுக்கிறது.

2011 தொடங்கி 2013 வரை நீண்ட வறட்சியில் தென்கிழக்குக் கொலராடோவின் மேல் மறுபடியும் புழுதிப் புயல்கள் எழுந்தன. 1930களின் அழிவு திரும்பவில்லை. 2012இல் அரசு சி.ஆர்.பி. புல்லை அவசர மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டது. தீவனம் இல்லாமல் மாட்டை விற்கும் நிலையிலிருந்தவர்களுக்கு அந்தப் புல் கை கொடுத்தது. புல் மண்ணை மட்டும் காக்கவில்லை, மாட்டையும் காத்தது.

இங்கேதான் வழி இருக்கிறது. 2014 சட்டத்தில் மேய்ச்சல் நிலங்களுக்கெனத் தனிப் பிரிவு வந்தது. வாடகை குறைவு, ஆனால் மாடு மேய்க்கலாம். உழக்கூடாது என்பது மட்டுமே முக்கிய நிபந்தனை. இப்போது சி.ஆர்.பி. நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தப் பிரிவில்தான். புல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் அதிலிருந்து பிழைக்கவும் வழி செய்தால், குத்தகை முடிந்த பிறகும் அதை உழ மனம் வராது. கொமான்சி புல்வெளி எண்பது வருடம் நின்றதற்கு அரசு உடைமை ஒரு காரணம் என்றால், அதில் மாடு மேய்ந்தது இன்னொரு காரணம்.

ஆனால் பழைய ஒப்பந்த நிலங்களில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. அவை கோதுமை வயல்களாக இருந்தவை. வேலி கிடையாது, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கிடையாது. செப்டம்பர் 30 அன்று ஒப்பந்தம் முடிகிறது. மைல் கணக்கில் முள்கம்பி இழுக்கவும் ஆழ்துளைக் கிணறு போடவும் காசு வேண்டும். உழுவதற்கோ டிராக்டரும் டீசலும் போதும். வேலிக்கும் தண்ணீருக்கும் செலவைப் பகிர வேளாண் துறையில் வேறொரு திட்டம் உண்டு. விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைப்பதில்லை. 2018 வேளாண் சட்டம் 2023இல் காலாவதியாகி, அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. அடுத்த முழுச் சட்டத்தை எழுதும்போது, ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு வருடங்களில் வேலிக்கும் தண்ணீருக்கும் பணத்தை உறுதி செய்துவிட்டால், பாக்காவின் புல்லில் பெரும்பகுதி உழவுக்குப் போகாமல் மேய்ச்சலுக்குப் போகும். பத்து, பதினைந்து வருடம் வாடகை கொடுத்த அரசுக்கு இது பெரிய தொகையே அல்ல.